செய்வினை எடுக்கத் தெரியாத தமிழம்மா

தமிழ் இலக்கணம் நடத்துவது என்பது, மத்தியானச் சாப்பாடு முடித்த நாற்பது பிள்ளைகளுக்கு எதிரே ஒற்றை ஆளாக விழித்திருக்கும் வேலை. கணக்கு டீச்சர் பிரம்பை எடுத்தால் பயப்படுவார்கள். சயின்ஸ் டீச்சர் தவளையை எடுத்தால் கத்தவாவது செய்வார்கள். தமிழம்மா குற்றியலுகரத்தை எடுத்தால், உகரம் குறுகுவதற்கு முன்னால் வகுப்பின் கண்கள் குறுகிவிடும். இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் அந்த நாற்பதில் உட்கார்ந்து தூங்கியவர்கள். மீதிப் பேர் எதிரே நின்று தொண்டை வறண்டவர்கள். இரண்டு தரப்பும் பட்டது ஒரே பாடு என்பதால் நமக்குள் ஒளிவுமறைவு வேண்டாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் புலவர் பட்டத்தோடு திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் சேர்ந்தேன். ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் குழு அமைத்து நடத்திய பள்ளி. பெயர் வேண்டாம். அந்தப் பெரிய மனிதர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் கடைத்தெருவில் பார்த்தால் எனக்கு வணக்கம் சொல்கிறார்கள். எண்பதுகளின் கடைசி வரை அங்கேதான் இருந்தேன். அத்தனை வருடமும் எனக்குப் பெயர் கிடையாது. எல்லாருக்கும் நான் தமிழம்மா.

பங்காளி வைத்தது

சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் ஒருவர் நின்றார். ஒரு கையில் தட்டு, அதில் மூன்று எலுமிச்சம்பழம், வெற்றிலை பாக்கு. இன்னொரு கையில் ஒரு சேவல். வேங்கிக்கால் பக்கம் நிலம் வைத்திருப்பவர், பெயர் ஏழுமலை, பெண் என்னிடம் ஒன்பதாவது படிக்கிறாள் என்று தெரிந்துகொள்ளவே ஐந்து நிமிடம் ஆயிற்று, சேவல் அவ்வளவு சத்தம். அவர் வீட்டுப் பசு பன்னிரண்டு நாளாகப் பால் கொடுக்கவில்லையாம், பங்காளி செய்வினை வைத்துவிட்டானாம். "பாப்பா வீட்ல சத்தம் போட்டுப் படிச்சிது, செய்வினைய மாத்தறது எப்பிடின்னு. யாரு சொன்னதுன்னு கேட்டேன். எங்க தமிழம்மா போர்டுல பத்து செய்வினைய நிக்க வெச்சி மாத்திக் காட்டனாங்கன்னு சொல்லிச்சி. மலையாளம் வரிக்கும் ஆள் தேடலாம்னு இருந்தேன். கடசீல பாத்தா உள்ளூர் பள்ளிக்கூடத்துலயே ஆள் இருக்கீங்க."

நான் விளக்கினேன். இது வாக்கியத்தில் வரும் செய்வினை, ஒருவர் ஒன்றைச் செய்தார் என்று சொல்வது, அதைச் செயப்பாட்டு வினையாக மாற்றுவதுதான் பாடம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க, வாக்கியமாவே மாத்துங்க. மாறனா போதும்" என்றார். உள்ளே என் கணவர் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் சிலேட்டை எடுத்தேன். 'பங்காளி எனக்குச் செய்வினை வைத்தான்' என்று எழுதிப் படித்தேன். "கரெக்டு, கரெக்டு" என்று தலையை ஆட்டினார். அதன் கீழே 'பங்காளியால் எனக்குச் செய்வினை வைக்கப்பட்டது' என்று மாற்றி எழுதினேன். அதை மூன்று முறை படிக்கச் சொன்னார். வாக்கியம்தான் மாறும், பொருள் மாறாது என்றும், பசுவை மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போங்கள் என்றும் சொன்னேன். அவர் தட்டைத் தூக்கிக்கொண்டார். சேவலையும் விடவில்லை. படியிறங்கும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "மாத்தனதுக்கப்பறமும் எனக்கேதான் வெச்சிருக்குது, பங்காளியும் முன்னாடியேதான் நிக்கறான். இதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு சம்பளமா?"

ஊர்ப் பெயர்

எங்கள் தலைமையாசிரியை தெற்கே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். நல்லவர், கண்டிப்பானவர், கொஞ்சம் காது மந்தம். அவர் வந்த வருடம் ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு வரிசை நின்றது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். எண்ணெய் வழியத் தலைவாரிய ஒரு சிறுமி முன்னால் வந்தாள். "எந்த ஊருட்டீ?" என்று கேட்டார் தலைமையாசிரியை. "அடி அண்ணாமலை" என்றாள். "என்னது?" என்றார். சத்தமாகச் சொல்லச் சொல்கிறார் என்று நினைத்த பிள்ளை, மூச்சை இழுத்து, முதல் சொல்லில் நன்றாக அழுத்தி, "அடீ! அண்ணாமல!" என்றாள். தலைமையாசிரியைக்கு முகம் சிவந்துவிட்டது. பிறந்த நாள் முதல் அவரை யாரும் 'அடீ' போட்டுக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். பிள்ளையின் காதைப் பிடித்துவிட்டார்.

நான் பதறிப்போய், "மேடம், அது விளி இல்ல, பெயர்ச்சொல். மலையச் சுத்தற பாதையில அந்தப் பேர்ல ஒரு ஊர் இருக்குது" என்றேன். "ஊருக்கு இப்படியா பேர் வைப்பாவ?" என்றாரே தவிர காதை விடவில்லை. பிள்ளை அழவும் இல்லை, தன் ஊர் செய்த தப்பு என்னவென்று புரியாமல் என்னைப் பார்த்தது. கதவருகே வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த எங்கள் ஆயா முனியம்மா உள்ளே எட்டிப் பார்த்து, பணிவோடு கேட்டாள்: "அம்மா, அந்த ஊர்லேர்ந்து இன்னும் பதினோரு புள்ளைங்க வெளிய நிக்கிதுங்க. அத்தினி காதையும் புடிக்கணுமா, இல்ல ஊர் பேர மாத்திட்டு வரச் சொல்லட்டுமா?"

காலியாக இருந்த பதவி

ஆண்டு விழா அழைப்பிதழ் எழுதுவது தமிழம்மாவின் தலையில் விழும் வேலை. பிள்ளைகளின் நடனம், நாடகம் எல்லாம் பிறகு. முதலில் யார் பெயர் எங்கே என்பதுதான் விழா. நிர்வாகக் குழுவின் தலைவரான அரிசி மில் முதலாளிக்குத் 'தலைமை'. செயலாளரான ஜவுளிக்கடைக்காரருக்கு 'முன்னிலை'. வேலூரிலிருந்து வரும் கல்லூரிப் பேராசிரியருக்குச் 'சிறப்புரை'. அந்த வருடம் பள்ளிக்குப் பத்து பெஞ்சு செய்து கொடுத்துவிட்டுக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்தார் ஒரு காண்ட்ராக்டர். தொண்ணூறு பரீட்சைத் தாள்களுக்கு நடுவே நான் மூழ்கியிருந்தபோது அவர் வந்து எதிரே உட்கார்ந்து, "என் பேரு எங்க டீச்சர்?" என்றார். தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "தலைமை போயிடுச்சி, முன்னிலை போயிடுச்சி. மிச்சம் இருக்கறது படர்க்கைதாங்க" என்றேன். வாய்க்கொழுப்பு. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் அச்சகத்திலிருந்து கட்டு வந்தது. தலைமை, முன்னிலை, அதன் கீழே கொட்டை எழுத்தில் 'படர்க்கை', அதற்கு எதிரே காண்ட்ராக்டரின் பெயர். அவரே நேரில் போய்ச் சேர்த்திருக்கிறார். ஊர் முழுக்க அழைப்பிதழ் போய்விட்டது. தலைமையாசிரியை என்னிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். ஜவுளிக்கடைக்காரரோ நேராக வீட்டுக்கே வந்து, "முன்னிலையைவிடப் படர்க்கை பெரிசாமே? முன்னாடியே எனக்கு ஏன் சொல்லல?" என்று சண்டை பிடித்தார். வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

விழா மேடையில் காண்ட்ராக்டர் பட்டுச் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பேராசிரியருக்குத்தான் தமிழ்ப் பற்று பொங்கிவிட்டது. மைக்கைப் பிடித்து, தன்மை என்றால் பேசுகிறவன், முன்னிலை என்றால் எதிரே நின்று கேட்கிறவன், படர்க்கை என்றால் அந்த இடத்திலேயே இல்லாமல் பேசப்படுகிறவன் என்று தொல்லிலக்கணம் முழுவதையும் விளக்கிவிட்டார். கூட்டம் சிரித்தது. விழா முடிந்ததும் காண்ட்ராக்டர் என்னை நோக்கி நேராக நடந்து வந்தார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவர் குரலைத் தணித்துச் சொன்னார்: "ஆள் இல்லாதப்ப பேசப்படறது எனக்கு ஆவாது டீச்சர், எலெக்‌ஷன்ல நிக்கப் போறேன். அடுத்த வருஷம் தன்மை காலியா இருக்குதுன்னு புரொபசரே சொன்னாரு, அதுல நம்ம பேர இப்பவே எழுதி வெச்சுடுங்க."

அரிச்சுவடித் தியானம்

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் அறைகளை வாடகைக்கு விட்டுவந்த கற்பகம்மாள், ஒரு ஜெர்மன்காரப் பெண்ணுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். பெண்ணின் பெயர் எல்சா. முப்பது வயதிருக்கும், வெள்ளைப் புடவையைத் தாறுமாறாகச் சுற்றிக்கொண்டு, கடைக்காரரிடம் தக்காளி கேட்கத் தெரிந்தால் போதும் என்றாள். முதல் பாடம் எழுத்து. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: பன்னிரண்டு எழுத்து உயிர், பதினெட்டு எழுத்து மெய். உயிர் என்றால் பிராணன், மெய் என்றால் உடம்பு. உயிர் தானாக இயங்கும். மெய் தானாக இயங்காது, உயிர் வந்து சேர வேண்டும். சொல்லிவிட்டுப் பார்க்கிறேன், எல்சாவின் கண்ணில் நீர். மெய் என்றால் உண்மை என்றும் அர்த்தமாமே என்று அவளும் இங்கிலீஷிலேயே கேட்டாள், யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆமாம் என்றேன். நோட்டை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அதற்கு மேல் பாடம் நடக்கவில்லை.

அடுத்த நாள் எல்சாவோடு சேர்த்து ஆறு வெள்ளைக்காரர்கள் வந்திருந்தார்கள். கோரைப்பாயில் சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள். நான் 'க்' என்றேன். கண்ணை மூடினார்கள். 'அ' என்றேன். மூச்சை இழுத்தார்கள். 'க' என்றதும் ஒரு பெருமூச்சு அறை முழுக்கப் பரவியது. ஆய்த எழுத்துக்குத் 'தனிநிலை' என்று இன்னொரு பெயர் உண்டு என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். தாடி வைத்த ஒருவர் எழுந்து வந்து, கரும்பலகையில் இருந்த மூன்று புள்ளியையும் கும்பிட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். பள்ளியில் என் எதிரே நாற்பது பேர் கண்ணை மூடியபோது எனக்கு வந்த கோபத்தையும், இங்கே ஆறு பேர் மூடியபோது வந்த பெருமையையும் நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஒரு மாதமாயிற்று, தக்காளி இன்னும் கேட்க வரவில்லை, ககர வரிசையே முடியவில்லை. காப்பி கொண்டுவந்த கற்பகம்மாள் வாசற்படியிலேயே நின்று பார்த்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அம்மா, அ, ஆவுக்கே இப்பிடி உக்காந்துட்டாங்க. புணர்ச்சி விதின்னு ஒண்ணு இருக்குதாமே, அத மட்டும் இந்த வீட்ல எடுக்காதீங்க, நான் குடும்பஸ்தி."

நெடில்

பள்ளி மாடிப்படியில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்ததைப் பார்க்காமல் காலை வைத்தேன். ஏழு படி, உட்கார்ந்தபடியே இறங்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் என் உயரத்துக்குப் போதாத கட்டிலில் படுக்க வைத்துவிட்டார்கள். திரும்பவும் முடியவில்லை, தும்மவும் முடியவில்லை. இனிமேல் நின்று பாடம் எடுக்க முடியுமா என்ற பயத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். நர்ஸ் ஒருத்தி வந்து போர்வையை விலக்கி, "டீச்சர், வலி மிகும் இடம் சொல்லுங்க" என்றாள்.

அந்தச் சொற்களை ஆஸ்பத்திரியில் யாரும் அந்த வரிசையில் சொல்ல மாட்டார்கள். கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். நூர்ஜஹான். ஆறேழு வருடத்துக்கு முன்னால் கடைசி பெஞ்சு. வல்லின ஒற்று எங்கெல்லாம் மிகும் என்று கேட்டு, சொல்லத் தெரியாததால் ஒரு பீரியட் முழுக்க நிற்க வைத்திருக்கிறேன். எனக்கு மறந்துவிட்டது, அவளுக்கு மறக்கவில்லை. "அன்னிக்கு எனக்கு ஒண்ணுகூட வாயில வரல. இன்னிக்கு நீங்க தப்பில்லாம சொல்லணும்" என்று முதுகெலும்பில் விரலால் ஒவ்வொரு இடமாக அழுத்தினாள். இங்க மிகுதா, இங்க மிகாதா என்று கேட்டுக்கொண்டே போனாள். நான் அலறிய இடத்தில் நிறுத்தி, "இங்க கட்டாயம் மிகும்" என்று சீட்டில் எழுதிக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரி இது ஏதோ புது வைத்தியம் என்று பயந்து தன் முதுகை மறைத்துக்கொண்டாள்.

பத்து நாள் என்னைத் தூக்கி உட்கார வைத்ததும், நடக்கப் பழக்கியதும் நூர்ஜஹான்தான். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தபோதெல்லாம் அந்த ஒரு பீரியட்டை நினைத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, டீச்சர் ஆயிற்றே. வீட்டுக்குக் கிளம்பும் அன்று மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்து, ஒரு வேளைக்கு எத்தனை என்று நான் கேட்டதற்கு, அந்தப் பள்ளியில் இத்தனை வருடமாக எனக்கு இருந்த பட்டப்பெயரை முதல் முறையாக என் காதில் போட்டாள்: "குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டு மாத்திரைன்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க? எங்க கிளாஸ் பூரா உங்களுக்கு 'நெடில்'னுதான் பேரு, அதனால காலைல ரெண்டு, சாயந்திரம் ரெண்டு."

ஆய்வாளர் கேட்ட உதாரணம்

வேலூரிலிருந்து ஆய்வாளர் அம்மா வருகிறார் என்றால் பள்ளிக்கு ஒரு நாளைக்கு மட்டும் புது மூஞ்சி வரும். சுவருக்குச் சுண்ணாம்பு, பானைக்குப் புது டம்ளர், வகுப்புக்கு முன்னால் கோலம். அந்தப் பள்ளியில் நானூறு பெண் பிள்ளைகளுக்குக் கழிவறை கிடையாது. கட்டுகிறோம் கட்டுகிறோம் என்று நிர்வாகக் குழு நான்கு வருடமாகத் தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தது. பெரிய பிள்ளைகள் மாதத்தில் மூன்று நாள் வருவதே இல்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் எல்லாருக்கும் 'காய்ச்சல்' என்று இருக்கும். ஆய்வாளரிடம் யாரும் எதுவும் பேசக் கூடாது, பாடத்திலிருந்து கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று தலைமையாசிரியை உத்தரவு.

ஆய்வாளர் என் வகுப்பில்தான் வந்து உட்கார்ந்தார். நடந்துகொண்டிருந்தது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பெயர்தான் பயங்கரம், விஷயம் சின்னது: 'வாடாத மலர்' என்பதில் முதல் சொல்லின் கடைசி எழுத்தை எடுத்துவிட்டு 'வாடா மலர்' என்பது. உதாரணம் யார் சொல்வது என்று ஆய்வாளர் கேட்டார். முன் பெஞ்சில் சரஸ்வதி எழுந்தாள். வாயே திறக்காத பெண். "திறவா நூலகம்" என்றாள். ஆய்வாளர் நன்று என்றார். "ஓடாக் கடிகாரம்." நன்று. "சுழலா மின்விசிறி." ஆய்வாளர் தலைக்கு மேலே பார்த்தார். மின்விசிறி சுழலவில்லை. "வாராத் தண்ணீர்" என்றாள் சரஸ்வதி. தலைமையாசிரியை எனக்குக் கண்ணால் ஜாடை காட்டினார். நான் கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கினேன். "கட்டாக் கழிவறை" என்று சொல்லி, 'க்' மிகுந்ததையும் அழுத்திக் காட்டிவிட்டு உட்கார்ந்தாள். வகுப்பில் யாரும் தூங்கவில்லை. பாடத்திலிருந்து கேட்டதற்குத்தான் பதில் சொல்லியிருக்கிறாள், உத்தரவை ஒரு எழுத்துக்கூட மீறவில்லை.

ஆய்வாளர் எழுந்து, முனியம்மாவை மட்டும் கூப்பிட்டுக்கொண்டு பள்ளியின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த ஆறு மாதத்தில் கழிவறை கட்டினார்கள். மின்விசிறி என் காலம் வரை சுழலவில்லை, அது வேறு கதை. ஜீப்பில் ஏறுவதற்கு முன் ஆய்வாளர் தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டுப் போனார்: "பிள்ளைங்களுக்கு இலக்கணம் நல்லா வருது. பள்ளிக்கூடத்துக்குத்தான் ஈறு கெட்டிருக்குது."

கோமதியின் விண்ணப்பம்

கோமதி பத்தாம் வகுப்பு. அப்பா மாணிக்கம் தேரடித் தெருவில் தகரப் பெட்டி செய்பவர். ஒரு தை மாதம் அவர் பள்ளிக்கு வந்தார். ஆரணியில் வரன் அமைந்திருக்கிறது, மாசியில் கல்யாணம், பெண்ணின் டி.சி. வேண்டும். பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம்தான், எழுதிவிட்டுப் போகட்டுமே என்று சொல்லிப் பார்த்தேன். "மாப்பிள வீட்ல அவசரப்படறாங்கம்மா" என்றார். அந்த வருடம் அப்படிப் போகவிருந்த ஆறாவது பெண் அவள். எங்கள் பள்ளியில் எந்த விண்ணப்பமும் நல்ல தமிழில் இருக்க வேண்டும், தமிழம்மா படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தலைமையாசிரியை தொடுவார். மாணிக்கத்துக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். ஆகவே மகளின் படிப்பை நிறுத்தச் சொல்லும் விண்ணப்பத்தை மகளே எழுதினாள்.

'என் மகள் கோமதிக்கு ஆரணியில் வரன் அமைந்து, வரும் மாசியில் திருமணம் நடத்த எண்ணி, அவள் படிப்பை நிறுத்தி, மாற்றுச் சான்றிதழ் பெற்று, வீட்டோடு வைத்துக்கொள்ள விரும்பி,' என்று ஒரு பக்கம் ஓடிக் காற்புள்ளியில் நின்றது. கீழே அப்பாவின் கையெழுத்து. வினைமுற்றே இல்லை. வினையெச்சத்துக்குப் பின்னால் முற்று வராவிட்டால் வாக்கியம் முடியாது என்று பதினைந்து நாள் முன்னால்தான் நடத்தியிருந்தேன். கோமதியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு மையில் 'வாக்கியம் முற்றுப் பெறவில்லை, திருத்தி எழுதுக' என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் வந்த விண்ணப்பம் இன்னும் நீளம். 'தங்கள் அனுமதியை எதிர்பார்த்து, பணிவுடன் வணங்கி,' என்று முடியாமல் முடிந்தது. மறுபடி சிவப்பு மை. மூன்றாவது தடவை தாள் எப்படியோ நேராகத் தலைமையாசிரியையிடமே போய்விட்டது. முடிந்தது கதை என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்துவிட்டு, "முற்று இல்லாத கடுதாசிக்கு நான் கையெழுத்துப் போட்டா மேலே உள்ளவங்க என்ன நினைப்பாவ?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டி.சி. கொடுக்காதவரை பெயர் பதிவேட்டில் இருந்தது. பெயர் இருந்தவரை கோமதி வகுப்புக்கு வந்தாள்.

நான்காவது முறை மாணிக்கம் தாள் இல்லாமல் வந்தார். தகரம் வெட்டி வெட்டித் தழும்பேறிய கையை மடியில் வைத்துக்கொண்டு ஆசிரியர் அறை பெஞ்சில் உட்கார்ந்தார். "தபாலாபீஸ் வாசல்ல மனு எழுதறவர்கிட்ட காமிச்சேங்க. படிச்சிட்டு சிரிக்கறாரு. கடசீல 'வேண்டுகிறேன்'னு ஒண்ணு போட்டா தீந்துதுன்னாரு. ஒரே ஒரு வார்த்தைங்க. மூணு வாரமா என் பொண்ணுக்கு அது தெரியலியா, உங்களுக்கும் சொல்லிக் குடுக்கத் தெரியலியா?" என்றார். நான் சிவப்பு மைப் பேனாவை மேசைக்குள் தள்ளினேன். அவரே தொடர்ந்தார். "வீட்ல கேட்டேன். தெரியும்பா, எழுதத்தான் கை வரலன்னுச்சி. அதுக்கு மேல ஒண்ணும் கேக்க எனக்கு வாய் வரல." அவர் எழுந்து போய்விட்டார். கோபமா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆரணிக்காரர்களிடம் ஏப்ரல் வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறார். அவர்கள் பொறுக்கவில்லை, வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அதற்காகத் தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியதையும் அவர்தான் தாங்கிக்கொண்டார்.

கோமதி பரீட்சை எழுதித் தேறினாள். ஜூன் மாதம் பதினோராம் வகுப்புச் சேர்க்கை அன்று, கசங்காத சட்டையோடு மாணிக்கம் வரிசையில் முதல் ஆளாக நின்றார். மடித்த தாளை என்னிடம் நீட்டினார்: "இந்த வாட்டி அதை எழுத விடலைங்க. தபாலாபீஸ்காரர வெச்சே எழுதி, 'வேண்டுகிறேன்'ன ரெண்டு எடத்துல போடச் சொல்லிக் கொண்டாந்திருக்கேன். சேத்துக்கோங்க."

இத்தனை வருடத்தில் நான் கரும்பலகையில் எழுதிய விதிகளை மதித்து நடந்தவர் இந்த ஊரில் ஒருவர்கூட எனக்குத் தென்பட்டதில்லை, ஆனால் விதியே என்று என் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எப்படியும் சில ஆயிரம் பேர் தேறுவார்கள்.